பதினேழாம் இலக்கக் கிணறு

நல்லூர்,
01.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் இவரும் சுகம். அங்கை நோர்வேயிலை, உங்கடை பேர்கனிலை மழை விட்டதோ? இஞ்சை நல்லூர்க் கோயிலிலை கொடியேறின நாளிலை இருந்து றோட்டெல்லாம் மறிச்சாச்சு. ஒரு றாத்தல் பாண் வாங்கவும் நாலு ஒழுங்கை சுத்த வேணும்.

நீங்கள் மின்னஞ்சலிலை அனுப்பின பதினாலு சிலைட் தொகுதியும் வந்து சேர்ந்தது. ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. நிலத்தடி நீரைப் பற்றி ஊரெல்லாம் பேசப் போன ஒரு எஞ்சினியர் இப்பிடியே சிலைட் செய்யிறது? நீலத்துக்கு மேலை மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பறந்து வந்து விழுது. இடையிலை தண்ணி சொட்டுற சத்தம் வேறை. முதலாவது தொகுதி மட்டும் முப்பத்தெட்டு எம்.பி. இஞ்சத்தைச் சனம் வைச்சிருக்கிற போனிலை அது திறக்கிறதுக்குள்ளை விடிஞ்சு போம்.

நான் செய்யப் போறது இதுதான். பறக்கிறது, சொட்டுறது, நிழல், பூச்சட்டம் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வெள்ளைப் பக்கத்திலை கறுப்பு எழுத்து. மேலை தலைப்பு, கீழை வசனம். தேவையெண்டால் மட்டும் படம், படத்துக்குக் கீழை அது என்ன எண்டு ஒரு வரி. கண் தெரியாத ஆளுக்கும் போன் வாசிச்சுக் காட்டும். இணையத்திலை ஒரு தொகுதிக்கு ஒரு பக்கம். ஆறு வரியமாய் வாத்திமாருக்கும் டொக்டர்மாருக்கும் வீட்டிலை இருந்து இதைத்தானே செய்து குடுக்கிறன், சொந்த அண்ணைக்குச் செய்ய மாட்டனே. ஐப்பசியிலை அங்கை உங்கடை தண்ணி வேலைக்கு விருது தரேக்கை பக்கமெல்லாம் தயாராய் இருக்கும்.

இவரின்ரை தங்கச்சி கோபிகாவுக்குப் பெடியன் பிறந்து பத்தொன்பது நாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் காணாமல் போச்சு, புட்டிப்பால்தான். ஊரிலை, நான் கலியாணம் கட்டிப் போன அதே வீட்டிலைதான் தாயும் பிள்ளையும் நிக்கினம். தூக்கி வைச்சிருந்தன். மிதுஷாவுக்குப் பிறகு ஒரு பிள்ளையையும் மடியிலை வைச்சிருக்கப் பயம் எனக்கு. இந்தமுறை வைச்சிருந்தன், அண்ணை.

உடம்பைப் பாத்துக் கொள்ளுங்கோ.

உங்கள் தங்கச்சி,
நிமலினி


பேர்கன்,
03.08.2025

அன்புத் தங்கச்சி நிமலினிக்கு,

உன்ரை நக்கல் குறையேல்லை. அந்தச் சொட்டுற சத்தத்துக்கு நான் ரண்டு நாள் செலவழிச்சனான் தெரியுமோ? சரி, கழட்டு. உனக்குத் தெரியாததே.

ஒரேயொரு விசயம். ஒன்பதாம் தொகுதியை விட்டுவிடு. அது முந்தி யாழ்ப்பாணத்திலை வேலை செய்த காலத்திலை கந்தோர்க் கூட்டம் ஒண்டுக்குச் செய்தது. தரவும் பழசு. பிழையாய்ச் சேர்த்து அனுப்பிப் போட்டன். திறக்க வேண்டாம், அழிச்சுவிடு.

கோபிகாவின்ரை மகனுக்கு என்ரை ஆசீர்வாதம். மச்சான் ஜெயரூபனையும் கேட்டதாய்ச் சொல்லு.

அன்பு அண்ணை,
றஞ்சித்


நல்லூர்,
05.08.2025

அண்ணைக்கு,

உங்கடை கடிதத்தைப் பாக்க முதலே பதினாலையும் ஒண்டாய் மாத்த விட்டிட்டன். அவசரமாய் எழுதிறன். எழுத்துப் பிழைச்சால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

என்ரை கணினிக்குப் பழசு, புதுசு தெரியாது. கூட்டத்திலை காட்டாமல் மறைச்சு வைக்கிற சிலைட்டும் அதுக்குச் சிலைட்தான். பேசுறவர் தனக்கு மட்டுமெண்டு கீழை எழுதி வைக்கிற குறிப்பும் அதுக்கு எழுத்துத்தான். எல்லாத்தையும் ஒழுங்காய் வெள்ளைப் பக்கத்திலை இறக்கி வைச்சுது.

ஒன்பதாம் தொகுதியிலை நாலு சிலைட் மறைச்சுக் கிடந்தது. முதலாவதிலை ஒரு அட்டவணை. இருபத்திரண்டு கிணறு, இலக்கம் மட்டும். தண்ணியிலை பசளையாலை வாற நைத்திரேற்று எவ்வளவு எண்ட கணக்கு. ஐம்பதுக்கு மேலை போனால் கூடாது எண்டு தலைப்பிலை நீங்களே எழுதியிருக்கிறியள். பதினேழாம் கிணறு நூற்றி அறுபத்தினாலு. தண்ணி எடுத்த திகதி 19.12.2012.

அடுத்ததிலை அந்தக் கிணத்தின்ரை படம். பெரிசாக்கிப் பாத்தன். கிணத்துக் கட்டிலை, சீமெந்து ஈரமாய் இருக்கேக்கை கீறின எழுத்து: மார்க்கண்டு 1974. இவரின்ரை அப்பா, என்ரை மாமா கட்டின கிணறு. பின்னாலை கொடியிலை சின்னச் சின்ன வெள்ளைத் துணி காயுது. அது என்ரை பிள்ளையின்ரை துணி. மிதுஷா பிறந்து எட்டு நாள்.

பேந்து கீழை உங்கடை குறிப்பு. அப்பிடியே எழுதிறன். “இந்நீரில் குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கரைக்கக் கூடாது. உடல் நீலம் பாயும். மரணமும் நேரலாம். கொதிக்க வைத்தால் குறையாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.”

கொதிக்க வைச்சால் கூடும்.

எனக்குப் பால் சுரக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். மாமி சொல்லாத ஆக்கள் இல்லை. ஆனபடியால் நான் நேரம் பாத்துக் கொதிக்க வைச்சனான், அண்ணை. இருபது நிமிசம். ஒரு கிருமியும் இருக்கக் கூடாது எண்டு. ஒவ்வொரு புட்டிக்கும்.

09.02.2013 அண்டைக்குப் பிள்ளை நீலமாய்க் கிடந்தாள். இருதயத்திலை பிழை எண்டு சொல்லி ஆசுப்பத்திரியிலை பிள்ளையைத் தந்தவை. பெட்டிக்குப் பக்கத்திலை என்ரை தோளைப் பிடிச்சுக் கொண்டு நிண்டது நீங்கள்.

அந்தக் குறிப்பை ரண்டாந்தரம் வாசிக்கேக்கைதான் கோபிகாவின்ரை பெடியன் ஞாபகம் வந்தான். கோபிகாவுக்குப் போன் எடுத்தன், அவள் எடுக்கேல்லை. ஸ்கூட்டியை எடுத்துக் கொண்டு ஊருக்குப் போனன். அங்கை இப்ப குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் கிணத்துத் தண்ணிதான், உருசையெண்டு. கோபிகா குசினியிலை நிண்டாள். அடுப்பிலை கேத்தில்.

“என்ன அண்ணி, இப்பிடி மூச்சு வாங்குது?”

“உது என்ன தண்ணி?”

“கிணத்துத் தண்ணிதான். பயப்பிடாதேங்கோ, நல்லாக் கொதிச்சிட்டுது. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள், இருபது நிமிசம் எண்டு.”

ஓம். நான்தான் சொல்லிக் குடுத்தனான். என்ரை பிள்ளையைக் காப்பாத்தத் தெரியாத நான், மற்றப் பிள்ளையாவது தப்பட்டும் எண்டு அவளுக்கு ஒழுங்காய்ச் சொல்லிக் குடுத்தனான்.

பெடியனைத் தூக்கிப் பாத்தன். சொண்டு சாம்பல் நிறம். “ரண்டு நாளாய் உறங்கிக் கொண்டே இருக்கிறான், நல்ல பிள்ளை” எண்டு மாமி சொன்னா. ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம். குத்தி எடுத்த இரத்தம் கோப்பி நிறத்திலை இருந்தது. என்ன தண்ணி எண்டு நான் சொன்ன உடனை அந்தப் பெண் டொக்டர் வேறை ஒண்டும் கேக்கேல்லை, ஓடிப்போய் மருந்து கொண்டு வந்தா. இப்ப சொண்டு சிவந்திட்டுது. இன்னும் ரண்டு நாள் போயிருந்தால் பிள்ளை இல்லை எண்டா.

எனக்கு ஒரு மறுமொழிதான் வேணும். 2012 மார்கழியிலை அந்தக் கிணறு எங்கடை கிணறு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?

நிமலினி


பேர்கன்,
06.08.2025

என்ரை நிமலினிக்கு,

ஓம். தெரியும்.

உன்ரை கடிதத்தை வேலைத்தலத்திலை வாசிச்சன். என்ரை கோலத்தைப் பாத்து பக்கத்திலை இருந்தவன் அம்புலன்சுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டான். கோபிகாவின்ரை பிள்ளை தப்பினதுக்குக் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லுறன். சொல்ல எனக்கு வாய் இருக்கோ தெரியேல்லை.

நடந்ததைச் சொல்லுறன். அந்த மாரியிலை கந்தோராலை இருபத்திரண்டு கிணத்திலை தண்ணி எடுத்தம். முடிவு வந்தது தை முதற்கிழமை. கூட்டத்துக்குச் சிலைட் செய்தன். முதல்நாள் கந்தோர்ப் பெரியவர் கூப்பிட்டு, “றஞ்சித், இந்த நாலையும் இப்ப காட்ட வேண்டாம். சனம் பதறும். இன்னொருக்கால் தண்ணி எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுவம்” எண்டார். நான் மறுத்துக் கதைக்கேல்லை. மறைக்கிற பட்டனை அமத்தினது நான். இன்னொருக்கால் தண்ணி எடுக்கவும் இல்லை. பங்குனியிலை எனக்கு நோர்வேயிலை படிக்க இடம் கிடைச்சது.

உனக்கு நான் சொல்ல நினைச்சனான். மிதுஷா பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்கு வரேக்கை ரண்டு கான் தண்ணி கொண்டு வந்தனே, ஞாபகமோ? கொழும்புத்துறையிலை சிமியோன் வீட்டிலை, என்ரை சிநேகிதன், அவனிட்டை பிடிச்சது. பிள்ளைக்கு இந்தத் தண்ணியை எடு எண்டு உன்ரை கையிலை தந்தன். ஏன் எண்டு நீ கேட்டாய். சும்மா எண்டு சொன்னன். அந்த நேரம் ஜெயரூபன் வெங்காயத் தோட்டத்துக்கு யூரியா மூட்டை இறக்கிக் கொண்டு நிண்டவன். உன்ரை மாமி அதுக்கு முதலே வேதக்காரப் பெட்டை எண்டு உன்னைக் குத்திக் கதைச்சுக் கொண்டிருந்தவ. நீங்கள் போட்ட பசளைதான் உங்கடை கிணத்தைப் பழுதாக்கினது எண்டு அந்த வீட்டு முத்தத்திலை நிண்டு சொன்னால் உன்ரை சீவியம் குழம்பும் எண்டு பயந்தன்.

பேந்து இருதயம் எண்டு சொன்னாங்கள். அதைப் பிடிச்சுக் கொண்டன். பன்ரண்டு வரியம் பிடிச்சுக் கொண்டிருந்தன்.

ஒரு மன்றாட்டு. இந்தத் தொகுதியை ஐப்பசி முடியும் வரைக்கும் வெளியிலை விடாதை. விருது வேணும் எண்டதுக்காக இல்லை. எல்லாத்தையும் யோசிச்சு முறையாய்ச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் தா.

உன்ரை அண்ணை,
றஞ்சித்


நல்லூர்,
12.08.2025

அண்ணைக்கு,

தண்ணிக் கான் ஞாபகம் இருக்கு. வந்த சனத்துக்கு அதிலை சர்பத் கரைச்சுக் குடுத்தனாங்கள். நல்ல தண்ணி, வீணாக்கக் கூடாது எண்டு நான்தான் எடுத்துக் குடுத்தன். ஏன் எண்டு நான் கேட்டதுக்கு நீங்கள் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த ரண்டு கானையும் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருப்பன்.

ஆறு நாளாய் மனசாலை அந்த முத்தத்திலைதான் நிக்கிறன். நீங்கள் கானோடை நிக்கிறியள். பிள்ளை என்ரை தோளிலை கிடக்கிறாள். பிள்ளையின்ரை தலையைத் தடவினியள். அவளுக்கு அப்ப சுவாசம் இருந்தது. அதுக்குப் பிறகும் இருபத்தொன்பது நாள் இருந்தது. நான் எண்ணிப் பாத்தன். ஒரு நாளைக்கு ஆறு புட்டி.

இவருக்குச் சொன்னன். உங்களிலை கோவிப்பார் எண்டு நினைச்சன். “எவ்வளவு?” எண்டு கேட்டார். நூற்றி அறுபத்தினாலு எண்டன். “யூரியாவாலையோ?” எண்டார். சிலைட்டைத் திறந்து காட்டினன். அதுக்குப் பிறகு அவர் சாப்பிட வந்து இருக்கிறார், சோத்துக் கோப்பையைப் பாக்கிறார், கை கழுவிப்போட்டு எழும்பிப் போறார். நேற்று ஊரிலை பசளைக் கொட்டிலுக்குள்ளை வெறும் நிலத்திலை இருந்தாராம், கோபிகா சொன்னாள். சீவியம் குழம்பும் எண்டு பயந்தனீங்கள். இப்ப வந்து பாருங்கோ.

அந்த டொக்டரிட்டை மிதுஷாவின்ரை ஆசுப்பத்திரித் துண்டுகளைக் கொண்டு போய்க் காட்டினன். இத்தனை வரியத்துக்குப் பிறகு அடிச்சுச் சொல்ல ஏலாது எண்டா. துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. “இருதயத்தை ஸ்கான் பண்ணினதாய் ஒரு இடத்திலையும் இல்லையே” எண்டு மெதுவாய்ச் சொன்னா. துண்டுகளை வாங்கிக் கொண்டு வந்திட்டன்.

ஐப்பசி மட்டும் பொறுக்க ஏலாது. மாரி துடங்கினால் பசளை எல்லாம் கரைஞ்சு திரும்பக் கிணத்துக்குத்தான் போகும் எண்டு நீங்கள் மறைச்ச மூண்டாம் சிலைட்டிலை இருக்கு. பக்கம் எழுதி முடிச்சிட்டன். நாலு சிலைட்டும் அதிலை இருக்கு. வயசுபோன ஆளும் வாசிக்கிற எழுத்து. எந்தப் பழைய போனிலையும் ஒரு நொடியிலை திறக்கும். கூடின கிணறு மேலை, குறைஞ்சது கீழை. குழந்தைக்குக் குடுக்க வேண்டாம், கொதிக்க வைச்சாலும் வேண்டாம் எண்டது முதல் வரி.

ஆனால் அட்டவணையிலை வெறும் இலக்கம்தான். எங்கடை கிணத்தைப் படத்தாலை கண்டுபிடிச்சன். மிச்ச இருபத்தொண்டும் ஆர் வீட்டுக் கிணறு எண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பட்டியலை அனுப்புங்கோ.

உங்கடை பேருக்குக் கீழை ஒரு வரி வெறுமையாய் விட்டிருக்கிறன். இவ்வளவு காலமும் இது ஏன் சொல்லப்படேல்லை எண்டு சனம் கேக்கும். அதை நான் எழுத மாட்டன். நீங்கள் எழுத வேணும்.

நிமலினி


பேர்கன்,
15.08.2025

நிமலினிக்கு,

பட்டியலை இதோடை இணைச்சிருக்கிறன். இருபத்திரண்டு வீட்டுக்காரரின்ரை பேரும் ஒழுங்கையும் இருக்கு. என்ரை பழைய கொப்பியிலை இருந்தது. அதை நான் எறியேல்லை. ஏன் நோர்வே வரைக்கும் கொண்டு வந்தன் எண்டும் தெரியேல்லை.

நீ கேட்ட வரி இது. மூண்டு நாள் இருந்து எழுதினன்:

“அக்காலத்தில் நிலவிய நிர்வாகச் சூழ்நிலைகள் காரணமாகவும், தரவுகள் மேலும் உறுதிப்படுத்தப்பட வேண்டியிருந்தமையாலும், மேற்படி தகவல்கள் உரிய காலத்தில் பொதுமக்களுடன் பகிரப்படவில்லை. இதனால் ஏற்பட்டிருக்கக்கூடிய பாதிப்புகளுக்காக ஆழ்ந்த கவலை தெரிவிக்கப்படுகின்றது.”

போதுமோ?

றஞ்சித்


நல்லூர்,
16.08.2025

அண்ணைக்கு,

பட்டியல் கிடைச்சது. இவரும் நானும் நேற்றுப் பின்னேரமே இருபத்தொரு வீட்டுக்கும் போனம். கைக்குழந்தை இருக்கிற வீடு மூண்டு. மூண்டு வீட்டிலையும் கிணத்துத் தண்ணியை நிப்பாட்டியாச்சு. ஒவ்வொரு வீட்டுப் படலையிலையும் இவர்தான் முதலிலை கதைச்சார். “நானும் பசளை போட்டனான், என்ரை கிணறுதான் பதினேழு” எண்டு துடங்குவார். கேக்கிற சனம் போய்த் தங்கடை கிணத்தை எட்டிப் பாக்கும்.

உங்கடை வரியைப் போட மாட்டன். பகிரப்படவில்லை எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் பகிரேல்லை? கவலை தெரிவிக்கப்படுகின்றதாம். ஆர் தெரிவிக்கினம்? மூண்டு நாள் இருந்து எழுதினதிலை ஒரு ஆளைக் காணேல்லை, அண்ணை.

உங்கடை பதினாலு தொகுதியிலையும் இருந்து தேவையில்லாததைக் கழட்டி எறிஞ்சன். இதிலை இருந்து என்னாலை கழட்ட ஏலாது. கழட்டினால் ஒண்டும் மிஞ்சாது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து பக்கத்தை வெளியிலை விடப் போறன். அதுக்கு முதல் வராட்டில் அந்த வரி வெறுமையாயே போகும்.

நிமலினி


பேர்கன்,
17.08.2025

தங்கச்சிக்கு,

இதைப் போடு.

“இந்த அட்டவணையைச் செய்தவன் நான். பதினேழாம் கிணத்துத் தண்ணி குழந்தைக்கு நஞ்சு எண்டு எனக்கு 2013 தை மாதம் தெரியும். அந்த வீட்டிலை அப்ப ஒரு குழந்தை இருந்ததும் தெரியும். அது என்ரை மருமகள் மிதுஷா. நான் சொல்லேல்லை. கி. றஞ்சித்.”

விருதுக்காரருக்கும் இதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறன். அவை என்ன செய்யினமோ தெரியாது.

இதுக்கு நீ மறுமொழி எழுத வேணும் எண்டு நான் எதிர்பாக்கேல்லை.

றஞ்சித்


நல்லூர்,
24.08.2025

அண்ணைக்கு,

நீங்கள் எழுதினதிலை ஒரு எழுத்தும் மாத்தாமல் போட்டிட்டன். இவர் என்ரை தோளுக்குப் பின்னாலை நிண்டு வாசிச்சார். மருமகள் எண்ட சொல்லு வந்த இடத்திலை கதிரையின்ரை முதுகைப் பிடிச்சுக் கொண்டார். அண்டைக்குத்தான் திரும்பச் சோறு திண்டார்.

மன்னிக்கிறன் எண்டு எழுதத் துடங்கி ரண்டு தரம் அழிச்சுப் போட்டன். பொய்யாய் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தச் சொல்லு எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம்.

இதை எழுதிறது வேறை விசயத்துக்கு.

நேற்று தர்சினி எண்டு ஒருத்தி நல்லூருக்கு என்னைத் தேடி வந்தா. ஊரிலை எங்களுக்கு நாலு வளவு தள்ளி, பட்டியலிலை பதினொராம் கிணறு. நாங்கள் வீட்டுக்குப் போன அண்டைக்கு அவ தண்ணி வேண்டாம் எண்டதுக்கு ஓம் எண்டு மட்டும் தலையாட்டினவ. நேற்றுப் போனிலை பக்கத்தைத் திறந்து பிடிச்சுக் கொண்டு வாசலிலை நிண்டா. மற்றக் கையிலை பொலித்தீன் பையொண்டு. உள்ளுக்கை ஒரு பிள்ளையின்ரை கிளினிக் காட். 2015 மார்கழியிலை பிறந்த பெடியன், பேர் ஜெனுஷன். நாப்பத்தொரு நாள்தான் இருந்தவன்.

“எங்களுக்கும் இருதயம் எண்டுதான் சொன்னவை, அக்கா” எண்டா.

கிளினிக் காட்டை வாங்கித் திகதியைப் பாத்தன். மிதுஷா ஒருத்தி எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக் கொண்டு இருந்தன். நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பியள். இருபத்திரண்டு கிணறு, அண்ணை. பன்ரண்டு மாரி.

அவ அழேல்லை. சத்தம் போடேல்லை. அந்த அட்டவணை செய்தவரோடை ஒருக்கால் கதைக்க வேணும் எண்டு கேட்டா. என்ன கேக்கப் போறியள் எண்டு நான் கேக்கேல்லை. உங்கடை நம்பரைக் குடுத்திட்டன்.

நாளைக்கு உங்கடை நேரம் காலமை ஒன்பது மணிபோலை போன் எடுப்பா. எடுங்கோ.

நிமலினி